கேள்விச் செல்வமும் கைக்கருவியும்

வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்வளவில் அமையாது, அடுத்தபடியாகக் கேள்வி என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். இந்த வைப்புமுறையை மாணாக்கருக்குப் பல்லாண்டு நான் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். சொன்னேனேயன்றி அதன் அருமையை உணர்ந்தேனல்லன். என் 44ஆம் வயதில், குளுக்கோமா என்னும் கண்ணழுத்த நோயினால் இரு கண்ணும் ஒளி இழந்தன. அன்றுதான் கேள்வி என்பது ஏன் கல்வியின் வேறாக வைத்து எண்ணப்பட்டது என்பது எனக்கு விளங்கியது.

அந்நோயின் கதையை இங்கே விரிப்பது என் கருத்தன்று. அதன் பின்னர் என் சட்டைப் பையில் குடிபுகுந்த ஒரு சிறு கருவியைப் பற்றி, ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சில சொல்ல வேண்டியிருக்கிறது. அது ஒலிப்பதிவுக் கருவி. கண்ணுடையார்க்கு அது ஒரு வசதி. விழிப்புலன் இழந்தார்க்கோ ஏடும் எழுத்தாணியும் அதுவே. ஆகவே அதனை அவர்களே கையால் தடவித் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். நம்முடைய வகுப்பறைகளும் அதற்கு இடங்கொடுத்தல் வேண்டும். இவ்விரண்டும் இன்று நடைபெறவில்லை என்பதே என் முறைப்பாடு.

முதலில் என் அறியாமையைச் சொல்லிவிடுகிறேன்.

என் ஆசிரியர் எண்பது வயதைக் கடந்தவர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் வகுத்த உரையை, ஏடு பாராமல் வரி வரியாகப் பாடஞ் சொல்ல வல்லவர். அவ்வுரைக்கு அவர் எழுதி வைத்திருந்த குறிப்பேடுகள் 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வோடு போயின. திரும்பி வந்தபோது வீட்டில் அலுமாரி இருந்தது, ஏடுகள் இருக்கவில்லை. எஞ்சியது அவர் நெஞ்சில் இருந்ததே. கண் இருந்த காலத்தில் அவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கலாம். நாளை எழுதலாம், அடுத்த விடுமுறையில் எழுதலாம் என்று நாள் போக்கினேன். எழுதலாம் என்று துணிந்த நாளில் எழுதக் கண் இல்லை.

அப்பொழுது வெளிநாட்டிலிருந்த உறவினர் ஒருவர் அன்போடு ஓர் ஒலிப்பதிவுக் கருவி அனுப்பினார். பளிங்குபோல வழவழப்பானது. அதில் ஒரு வினோதம் இருந்தது. பதிவுப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் கருவி ஆயத்த நிலையில் நிற்கும். மறுமுறை அழுத்தினால்தான் பதியத் தொடங்கும். ஆயத்தமாக நிற்கும்போது செவ்விளக்கு விட்டு விட்டு ஒளிரும்; பதியும்போது விடாது ஒளிரும். கண்ணுள்ளவர் பார்த்த மாத்திரத்தில் அறிவார். நான் எங்ஙனம் அறிவது? ஒருமுறை அழுத்திவிட்டு, ஆசிரியர் முன்னே வைத்து, இரண்டு மணி நேரம் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரும் தம் உடல்நலிவைப் பாராது உற்சாகமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து மகளிடம் கொடுத்தேன். அவள் சிறிது நேரம் மௌனமாக இருந்தாள். பிறகு, "அப்பா, இதுக்குள்ளை ஒண்டும் இல்லை" என்றாள்.

மறுநாள் தலைகுனிந்து ஆசிரியரிடம் போனேன். அவர் கோபிக்கவில்லை. "யந்திரம் கேட்கவில்லை; அது போகட்டும். நீர் கேட்டீரே! கேட்டதைச் சொல்லும், பார்ப்போம்" என்றார். சொன்னேன். ஏறக்குறையப் பாதி வந்தது. மற்றப் பாதி எங்கேயோ போய்விட்டது. அவர் சிரித்துக்கொண்டு, "வந்தது உம்முடைய கேள்வி. வராததற்குத்தான் யந்திரம் வேண்டும்" என்றார். கருவியின் பயனும் எல்லையும் அந்த ஒரு வார்த்தையில் அடங்கிவிட்டன. அதற்கு மேல் நான் இங்கே எழுதுவதெல்லாம் அதற்கு உரையே.

பேசியதைப் பிடித்து வைக்கும் யந்திரத்தை எடிசன் 1877ஆம் ஆண்டில் அமைத்தார். அடுத்த ஆண்டிலே, அதனால் என்னென்ன பயன் விளையும் என்று அவர் ஒரு சஞ்சிகையில் எழுதினார். கடிதம் எழுதுவது முதலிற் சொல்லப்பட்டது. விழிப்புலன் இழந்தார்க்குப் பேசும் புத்தகம் அதற்கு அடுத்தபடியாகச் சொல்லப்பட்டது. சங்கீதம் அதற்கும் பின்னரே வந்தது! ஆனால் உலகம் சங்கீதத்தை முதலிற் பிடித்துக்கொண்டது. விழிப்புலன் இழந்தோர் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். 1934ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலும், 1935இல் இங்கிலாந்திலும் பேசும் புத்தகங்கள் இசைத்தட்டு வடிவில் அவர்கள் கைக்கு வந்தன.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கசெற்றை வெளியிட்டது. பின்னாளில் நம் ஊர்களிலும் ரேப் ரெக்கோடர் இல்லாத தெரு அருமையாயிற்று. அந்தக் கருவியை நினைத்துப் பாருங்கள். பியானோவின் கட்டைகளைப் போல வரிசையாகப் பெரிய கட்டைகள். பதிவுக் கட்டையை அழுத்தினால் 'களுக்' என்று உள்ளே அமிழ்ந்து நிற்கும். நிற்கிறதா இல்லையா என்பதை விரல் அறியும். நாடா ஓடுகிறதா என்பதைக் காது அறியும். கண்ணுக்கு அங்கே வேலை குறைவு. பின்னர் நாடா போயிற்று. எண்முறைப் பதிவு வந்தது. கருவி சிறுத்தது, கண்ணுக்கு வேலை பெருத்தது. கட்டைகள் இருந்த இடத்தில் ஒரு சிறு திரை வந்து அமர்ந்தது. 'பார்த்துத் தெரிவுசெய்க' என்று அது சொல்லுகிறது. பார்ப்பதற்கு இல்லாதவன் என்ன செய்வான்?

இதனாலே, கருவி தெரியப் புகும் விழிப்புலனற்ற அன்பருக்கு என் அனுபவத்திற் கண்ட சில இலக்கணங்களைத் தொகுத்துச் சொல்லுகிறேன்.

முதலாவது, விரலுக்குத் தெரிதல். பதிவுப் பொத்தான் மற்றப் பொத்தான்களோடு ஒத்திராமல், இடத்தாலோ வடிவத்தாலோ வேறுபட்டு நிற்க வேண்டும். தள்ளும் சுவிச் கிடைத்தால் மிக நன்று. அது மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்பதே கருவியின் நிலையைச் சொல்லிவிடும். கண்ணாடித் திரையைத் தடவி இயக்குவன, பேசாதிருந்தால், எவ்வளவு விலையுயர்ந்தனவாயினும் நமக்கு ஆகா.

இரண்டாவது, வாய் திறந்து பேசுதல். இன்று சில கருவிகள் தாம் எந்நிலையில் இருக்கின்றன என்பதைக் குரலால் அறிவிக்கின்றன. ஒலிம்பஸ் நிறுவனத்தின் டி.எம். வரிசையில் வந்த சில கருவிகள் இவ்வாறு பேசின. சூம் நிறுவனம் 2024இல் வெளியிட்ட 'எசென்ஷல்' வரிசைக் கருவிகளில் இவ்வசதி விழிப்புலனற்றோரைக் கருதியே அமைக்கப்பட்டது. விக்டர் ரீடர் ஸ்ட்ரீம் என்னும் கருவி நம்மவருக்காகவே செய்யப்பட்டது. அதில் ரெலிபோனில் உள்ளதுபோல எண் பொத்தான்கள் இருக்கும்; புத்தகத்தைப் படித்துக்காட்டும்; நம் குரலையும் பதியும். நான் கையாண்ட கருவிகளின் குரல் ஆங்கிலமே பேசிற்று. ஆங்கிலம் அறியாத பிள்ளை அஞ்ச வேண்டியதில்லை. அறிவிப்புக்கள் முப்பது நாற்பது சொற்களுக்குள் அடங்குவன. நிகண்டு நெட்டுருச் செய்தவர்களின் வழிவந்த நமக்கு அது பெரிதா?

மூன்றாவது, ஒலியளவு. பதியும்போது குரல் மிகுந்தால் ஒலி சிதையும். குறைந்தால் இரைச்சலில் மறையும். கண்ணுள்ளவர் திரையில் ஏறி இறங்கும் அளவுகோட்டைப் பார்த்துத் திருத்துவர். நமக்கு அது இயலாது. ஆகவே தானாகவே அளவைச் சரிசெய்யும் வசதியுள்ள கருவி நன்று. இப்பொழுது 32 பிற் மிதவைப்புள்ளி என்றொரு முறை வந்திருக்கிறது. மெல்லப் பேசியதையும் உரக்கப் பேசியதையும் ஒருங்கே அடக்கிக்கொள்ளும் அளவுக்கு அதில் இடம் விரிவாக இருப்பதால், முன்கூட்டி அளவு வைக்க வேண்டியதில்லை. பின்னர் கணினியிலே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன எசென்ஷல் வரிசையில் இம்முறை உண்டு. கண்ணுள்ளார்க்கு இது ஒரு சௌகரியம். நமக்கோ ஒரு தடையின் நீக்கம்.

நான்காவது, பற்றரி. கிராமத்துக் கடையிலும் கிடைக்கும் சாதாரணப் பற்றரியால் இயங்குவதே உத்தமம். புதியன இடப் பையில், பழையன வலப் பையில் என்று ஒரு நியதி வைத்துக்கொண்டால் மயக்கம் இல்லை. பதிவின் நடுவே பற்றரி தீர்ந்தால் அதுவரை பதிந்தது தங்குமா, அழியுமா என்பதையும் வாங்குமுன் சோதித்தறிக.

கொள்ளளவைப் பற்றிப் பலர் வீணே கலங்குகிறார்கள். 32 ஜி.பி. மெமறி காட் ஒன்றில், நொடிக்கு 64 கிலோபிற் அளவில் எம்.பி.3 ஆகப் பதிந்தால் 1000 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். இசைத்தட்டின் தரத்தில், சுருக்காமல், இரட்டைத் தடமாகப் பதிந்தால் ஏறக்குறைய 50 மணி நேரம். பாடத்துக்கு முன்னையது போதும். பண்ணிசையையும் முதியோர் வாய்மொழியையும் காப்பதற்குப் பின்னையது வேண்டும்.

கைத்தொலைபேசி போதாதா என்று கேட்பார் உளர். ஏழைப் பிள்ளைக்கு அதுவே வாய்த்ததாயின் அதனையே கொள்க. திரையைப் படித்துச் சொல்லும் வசதி அதில் உண்டு. ஆனால் அப்படிச் சொல்லும் குரல் பதிவுக்குள்ளேயே புகுந்துவிடுவதுண்டு. நடுவே அழைப்பு வந்தால் பதிவு தடைப்படுவதும் உண்டு. கடிதமும் கணக்கும் சமையற்குறிப்பும் ஒரே கொப்பியில் எழுதுவது போன்றது அது. எழுதலாம், தேடும்போது தெரியும்.

கருவி வாங்குவதோடு காரியம் முடியவில்லை. கையாளும் முறையும் வேண்டும்.

நூலுக்குப் பாயிரம் வேண்டும் என்பது இலக்கண மரபு. பதிவுக்கும் பாயிரம் வேண்டும். தொடங்கியவுடன் நாள், இடம், சொல்பவர், பொருள் ஆகிய நான்கையும் நம் குரலாற் சொல்லிவிட வேண்டும். நூறு கோப்புகள் சேர்ந்த பின்னர், முதல் ஐந்து நொடி கேட்டால் இன்னது என்று தெளியலாம். நான் இதனைச் செய்யாத முதலாண்டில் பதிந்த பாடங்கள் இன்றும் தலையில்லா முண்டங்களாகக் கிடக்கின்றன.

பாயிரம் சொன்னதும் நிறுத்தி, ஒரு காதில் இயர்போன் வைத்து அதனைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்டதென்றால் மேலே தொடங்கலாம். முன்னே நான் பட்ட பாட்டுக்குப் பரிகாரம் இந்தப் பத்து நொடிச் சோதனையே. இப்பொழுது என் ஆசிரியரும், "முதலில் உம்முடைய குரலைக் கேட்கச் செய்யும், பிறகு நான் பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டே தொண்டையைச் செருமுகிறார்.

கருவியை வெறும் மேசைமேல் வைத்தால் தட்டுவதும் இழுப்பதும் எல்லாம் இடியாக விழும். கைக்குட்டையை நான்காய் மடித்து அதன்மேல் வைக்க வேண்டும். மின்விசிறிக்கு நேர்கீழே வைக்கலாகாது. சொல்பவருக்கு எவ்வளவு அண்மையில் வைக்கிறோமோ அவ்வளவு தெளிவு. ஒவ்வொரு பாடத்தையும் தனிக் கோப்பாகப் பதிய வேண்டும். முக்கியமான இடம் வந்தால் குறியிடும் பொத்தான் பல கருவிகளில் உண்டு. ஏட்டின் ஓரத்தில் கோடு கீறுவது போல அதனை அழுத்திக்கொள்ளலாம்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. பதிந்ததைப் பதிந்தபடியே விட்டால் அது கேள்வியாகாது. அன்றிரவே ஒருமுறை கேட்க வேண்டும். குரல் கெடாமல் வேகத்தைக் கூட்டும் வசதியால் ஒரு மணிப் பாடத்தை முக்கால் மணியிற் கேட்டுவிடலாம். கேட்ட பின் அதன் சாரத்தைப் பிரெயிலில் ஒரு பக்கம் குத்திவைக்க வேண்டும். பின்னர் கணினிக்கு மாற்றி ஒரு பிரதி வைக்க வேண்டும். என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் விலையின்றிக் கிடைக்கிறது. அதனை 2006இல் தொடங்கியவர் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த, தாமே விழிப்புலன் அற்ற ஒருவர். நமக்கு வேண்டியதை நாமே செய்துகொள்ளலாம் என்பதற்கு அது சாட்சி.

இவற்றையெல்லாம் கேட்டு, பழைமை பேணும் நண்பர் ஒருவர் ஆட்சேபித்தார். "அந்தகக்கவி வீரராகவ முதலியார் என்ன யந்திரம் வைத்திருந்தார்? முதுகில் எழுத்தை எழுதுவித்துக் கற்றார் என்றல்லவா சொல்லுகிறார்கள்? இங்கே ஈழத்துக்கு வந்து பரராசசேகரனைப் பாடிப் பரிசில் பெறவில்லையா? யந்திரம் வந்தால் மனனம் போய்விடும்" என்றார்.

மனனத்தின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தகக்கவி வாழ்ந்த காலத்தில் கண்ணுள்ள புலவரும் மனனத்தாலேயே வாழ்ந்தனர். இன்று கண்ணுள்ள மாணவனுக்குப் பாடநூல் உண்டு, கொப்பி உண்டு, அச்சடித்த குறிப்பு உண்டு. அவனை நோக்கி, "அவற்றையெல்லாம் எறிந்துவிட்டு நெஞ்சில் எழுது" என்று எவரும் சொல்வதில்லை. விழிப்புலன் அற்ற பிள்ளையை மாத்திரம் அந்தகக்கவியாகும்படி கேட்கிறோம். ஒருவருக்கு ஏடு, மற்றவருக்கு மனனம் என்பது என்ன நீதி? அன்றியும், முதுகில் எழுதிக் காட்ட அவருக்கு ஓர் ஆள் இருந்தது. நம்முடைய பிள்ளைக்கு இரவு எட்டு மணிக்குப் பாடத்தை மறுபடி சொல்ல யார் இருக்கிறார்?

இதனை நான் வெறும் வாதமாகச் சொல்லவில்லை. உயர்தர வகுப்பில் தமிழ் படிக்கும் விழிப்புலனற்ற மாணவி ஒருத்தி, விடுமுறையில் என்னிடம் பாடங் கேட்க வருவாள். அவள் ஒருநாள், "ஐயா, கருவியை வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது எண்டு சொல்லிப்போட்டினம்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "பக்கத்திலை இருக்கிற பிள்ளை எழுதுவா, அவவிட்டைக் கேட்டுக்கொள்ளட்டாம்" என்றாள். பக்கத்துப் பிள்ளை எழுதும், நல்ல பிள்ளை. ஆனால் தனக்கு வேண்டியதைத்தான் எழுதும். தனக்குத் தெரிந்ததை எழுதாது. சோதனை நெருங்கும்போது தன் கொப்பியைக் கொடுக்கவும் அதற்கு மனம் வராது. அது மனித இயல்பு. ஒருத்தியின் படிப்பை மற்றொருத்தியின் தயவில் தொங்கவிடுவதா?

ஆசிரியர்கள் அஞ்சுவது எதனை என்பதை நான் அறிவேன். நானும் ஆசிரியன். நம் பிழைகள் பதிந்துவிடும் என்ற அச்சம் அது. ஒருமுறை என் பாடத்தின் பதிவை நானே கேட்டேன். கண் இழந்த பின்னும், கரும்பலகையில் மாணவன் எழுதியதைச் சுட்டி, "இதைப் பாருங்கள்", "அங்கே உள்ளது போல", "இது இப்படி வரும்" என்று வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறேன். எது இது? எங்கே அங்கே? பதிவைக் கேட்ட எனக்கே தெரியவில்லை. அன்று முதல் சூத்திரத்தை முழுதும் வாயாற் சொல்லுகிறேன்; உதாரணத்தைப் பெயர் சுட்டிச் சொல்லுகிறேன். பின்வாங்கில் இருக்கும் கண்ணுள்ள பிள்ளைகளும் இப்பொழுது பாடம் தெளிவாயிருக்கிறது என்கிறார்கள். கருவி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, திருத்தியது.

மாணவருக்கும் கடமை உண்டு. சொல்பவரைக் கேளாமல் பதியலாகாது. பாடத்துக்குப் புறம்பான பேச்சு வந்தால் நிறுத்திவிட வேண்டும். ஒருவருடைய பாடத்தை அவர் சம்மதமின்றி ஊருக்குப் பரப்பலாகாது. அழி என்றால் அழிக்க வேண்டும். இந்த ஒழுக்கம் இருந்தால் ஆசிரியரின் அச்சத்துக்கு இடமில்லை.

பழைய மாணவர் சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் பரிசளிக்க விரும்புகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் விழாவில் படம் பிடிப்பதற்கு அழகாயிருக்கும் கருவியை வாங்காதீர்கள். பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். பெட்டியைத் திறந்து அதன் கையிற் கொடுங்கள். அது தடவிப் பார்க்கட்டும். தானே பதிந்து, தானே கேட்கட்டும். பிறகு விலையைக் கேளுங்கள். பேனை வாங்கும்போது நாம் கிறுக்கிப் பார்க்கவில்லையா? எனக்கு அன்போடு வந்த அந்தப் பளிங்குக் கருவி இன்றும் அலுமாரியில் இருக்கிறது. அனுப்பியவர் மனத்தில் குற்றமில்லை. என்னைக் கேளாமல் வாங்கியதே குற்றம்.

பின்னர் நானே தெரிந்து வாங்கிய கருவியில், ஆசிரியருடைய உரை இதுவரை 37 மணி நேரம் பதிந்திருக்கிறது. சொல்லதிகாரத்தில் இன்னும் சில இயல்கள் எஞ்சியிருக்கின்றன. அவர் வயது ஏறுகிறது. 1995இல் போன ஏடுகளை எவராலும் மீட்க இயலாது. ஆனால் அவ்வேடுகளில் இருந்த பொருளிற் பெரும்பகுதி இன்று மூன்று பிரதிகளாக மூன்று வீடுகளில் இருக்கின்றது. கேட்டு எழுதும் வேலையை என் மாணவர் தொடங்கியிருக்கிறார்கள்.

ஆசிரிய அன்பர்களே, நாளை உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி ஒரு சிறு கருவியை மேசைமேல் வைக்கலாம். அதனைக் கண்டு முகம் சுளியாதீர்கள். உங்களுக்கு முன்னால் ஓர் ஏடு விரிக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டடி முன்னே வந்து நின்று, தெளிவாகப் பாடத்தைத் தொடங்குங்கள்.